தராசில் ஏறாத உழைப்பு

நிறுத்தலும் குறித்தலுமே நகை வாணிபத்தின் உயிர்நாடியாகும். குழந்தையின் காதுக்கான சிறு தோடாயினும் தராசிலேறாமல் அது கைமாறுவதில்லை. கிராமின் நூற்றிலொரு கூறுவரை நிறை பார்க்கப்படுகிறது, கரட் கேட்கப்படுகிறது, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு, கல்லின் நிறை இவ்வளவு என வகை பிரித்துப் பற்றுச்சீட்டில் எழுதப்படுகிறது. பட்டறையிலே அரத்திலிருந்து உதிர்ந்த பொடியும் கூட்டியெடுக்கப்பட்டுக் கணக்கிற் சேர்கிறது. இவ்வாறு தூசியையும் விட்டுவைக்காத தொழிலொன்றிலே, எவராலும் நிறுக்கப்படாமலும் எந்தச் சீட்டிலும் எழுதப்படாமலும் கிடக்கும் பொருள் ஒன்றுண்டு. கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டிருக்கும் ஊழியரின் உழைப்பே அது.

கொழும்புச் செட்டியார் தெருவிலும் யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலும் நகைக்கடைகள் நெருங்கி நிற்கின்றன. வீதியிற் செல்வோர் கண்ணில் அவற்றின் ஒளி படுகிறது. அந்த ஒளிக்கடியில் நிற்போரின் நிலை படுவதில்லை. அவ்வூழியர் தம்முட் பேசிக்கொள்ளும் குறைகள் புதியனவல்ல. கடை திறக்குமுன் வந்து இரும்புப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கவேண்டும். கடை மூடியபின் அவற்றை எண்ணி, நிறுத்து, இருப்புச் சரிபார்த்து மீளவும் உள்ளே வைக்கவேண்டும். இவ்விரு வேளையும் வேலை நேரமாகக் கொள்ளப்படுவது அரிது. ஒரு மோதிரம் கணக்கில் இடித்தால் அது கிடைக்கும்வரை எவரும் வீடு செல்லவியலாது. கடைசி பஸ் அதற்காகக் காத்து நிற்பதுமில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரலாகாது. உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைக் கண்டால் கடையில் வியாபாரம் இல்லையென வெளியார் எண்ணிவிடுவராம். கல்யாண மாதங்களிலும், தீபாவளிக்கு முன்னரும், அண்மைக் காலத்தில் விளம்பரங்களால் ஊதி வளர்க்கப்பட்ட அட்சய திருதியையின்போதும் லீவு என்ற சொல்லே கடையில் ஒலித்தல் கூடாது. (அன்று பொன் வாங்காவிடிற் செல்வம் தங்காதென்ற அச்சத்தை முந்திய தலைமுறைப் பாட்டிமார் அறிந்திருந்தனரா என்பது தனி ஆய்வுக்குரியது.)

இவ்வூழியர் யாவர்? பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ நின்றுபோனவர்கள். மலையகத்துத் தோட்டங்களிலிருந்தும் வடக்கு, கிழக்குக் கிராமங்களிலிருந்தும் தெரிந்த ஒருவரின் சொல்லைத் துணையாகக் கொண்டு வந்து சேர்ந்தவர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி சில தசமங்கள் தாழ்ந்திருந்தால் இச்சஞ்சிகையை இன்று கையில் வைத்திருக்கக்கூடியவர்களும் அவர்களுள் உளர்.

தெரிந்தவரின் அந்தச் சொல்லிலேதான் சிக்கல் தொடங்குகிறது. நகைக்கடையில் வேலை பெறுவதற்குச் சான்றிதழினும் முதன்மையானது ‘நம்பிக்கையான பிள்ளை’ என்ற பரிந்துரை. சொல்லிச் சேர்த்தவரின் மானம் சேர்ந்தவரின் நடத்தையோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே சம்பளம் போதாதென்று வாய்திறப்பவர் தம் முதலாளியோடு மட்டும் முரண்படுவதில்லை. சிபாரிசு செய்த மாமாவையும், ஊர்க்கோயிற் தர்மகர்த்தாவையும், சில வேளை தம் தகப்பனையும் அவமதித்தவராகிறார். உரிமைக் கோரிக்கை நன்றிகெட்ட செயலாக உருமாறும் இடம் இதுவே. சம்பளத்தைப் பற்றிப் பேசாமலே சம்பளத் தகராற்றை முடித்துவைக்கும் வல்லமை இந்த ஒரு சொல்லுக்கு உண்டு.

முதலாளிமார் தரப்பு நியாயம் யாவரும் கேட்டதே. “பொன்னோடு புழங்குகிற தொழில். இங்கே எல்லாம் நம்பிக்கையிலேதான் நடக்கிறது. பிள்ளைகளை வீட்டுப் பிள்ளைகளாகவே வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு உடுப்பு, வீட்டிலே ஒரு நன்மை தீமை என்றால் கைக்காசு. கடிதமும் கையெழுத்தும் என்னத்துக்கு?”

இவ்வாதத்தை அதன் சொற்கொண்டே சோதித்தல் தகும். நம்பிக்கை இருவருக்கிடையிலான உறவு. நகைக்கடையிலோ அது ஒருவழிப் பாதையாகவே இயங்குகிறது. மாத முடிவில் உறையினுள் இருப்பதே நியாயமான தொகையென ஊழியர் நம்பவேண்டும். மேலதிக நேரத்துக்கு முதலாளி ‘பார்த்துச் செய்வார்’ என நம்பவேண்டும். சேமலாப நிதிக்குப் பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதென நம்பவேண்டும். மறுபுறத்தில், ஊழியரின் பை வாயிலிலே திறந்து பார்க்கப்படுகிறது; தலைக்கு மேலே கமரா சுழல்கிறது; கைத்தொலைபேசி காலையிலேயே வாங்கி வைக்கப்படுகிறது. பொன் விற்குமிடத்தில் இக்காவல்கள் வேண்டாதவையென எவரும் கூறார். பொன்னைக் காப்பதற்குப் பதிவேடும் பூட்டும் கமராவும் வேண்டுமெனக் கொள்பவர்கள், சம்பளத்தைக் காப்பதற்கு மட்டும் வாய்ச்சொல் போதுமென்று கொள்வதெவ்வாறு என்பதே வினா.

கடைப் பெயர்ப்பலகைகளிலே ‘நம்பிக்கை, நாணயம்’ என இரு சொற்களும் இணைத்து எழுதப்படுவதுண்டு. நாணயம் என்பதற்குத் தமிழில் நேர்மையென்றும் காசென்றும் இருபொருள் உள. வாடிக்கையாளருக்கு முதற்பொருள் வாக்களிக்கப்படுகிறது. முதலாளி இரண்டாம் பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். ஊழியருக்கு எஞ்சுவது பலகையின் முற்பாதி.

களவுப் பழி இத்தொழிலில் ஊழியரின் தலைக்கு மேலே என்றும் தொங்குவது. தமிழ் பயில்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்திலே ஒரு சிலம்பு, ஒரு குற்றச்சாட்டு, விசாரணையற்ற தண்டனை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிகழ்ந்து முடிகின்றன. பொய்யுரைத்தவன் பொற்கொல்லன் என்பதை இறுகப் பற்றிக்கொண்ட தமிழ்ச் சமூகம், விசாரியாமல் ஆணையிட்டவன் அரசன் என்பதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு நடைமுறையில் மறந்துவிட்டது. பெற்ற தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி செய்துவைத்தது. பொன் வணிகனைப் பற்றி அத்துணைக் கூர்மையான பழமொழி எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இன்றும் கடையில் ஒரு சங்கிலி காணாமற் போனாற் சந்தேகம் கீழிருந்தே மேற்செல்கிறது: முதலிற் கூட்டித் துடைக்கும் பெண், அடுத்து விற்பனைப் பெண், அதன்பின் காசாளர். பொருள் பின்னர் வேறொரு தட்டிற் கண்டெடுக்கப்பட்டாலும், இடையில் அனுப்பப்பட்டவர் மீள அழைக்கப்படுவது அரிது. ‘அந்தக் கடையில் ஏதோ பிரச்சினைப்பட்டவள்’ என்ற பேச்சு அவருக்கு முன்னரே அடுத்த கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சம்பளத்துக்கு வருவோம். ஊழியர் கையில் நாள்தோறும் ஏந்தி நிற்கும் பொருளையே அளவுகோலாகக் கொள்வது பொருத்தமாகும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக நிர்ணயித்தபோது 8 கிராம் கொண்ட தங்கப் பவுண் ஒன்றின் விலை ஏறத்தாழ 50,000 ரூபாவாக இருந்தது. அதாவது, குறைந்தபட்சச் சம்பளம் பெறும் ஒருவரின் ஐந்து மாத உழைப்பு ஒரு பவுண். 2025 ஒக்ரோபரிலே 24 கரட் பவுண் கொழும்பில் 4 இலட்சம் ரூபாவைத் தாண்டிற்று. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ரூபா. ஐந்து மாதம் ஒன்பது ஆண்டுகளில் பதினைந்து மாதமாயிற்று. 2026 சனவரி முதற் சம்பளம் 30,000 ரூபாவாக உயர்வதற்கு அதே திருத்தச் சட்டத்தில் வழிசெய்யப்பட்டது உண்மையே. பொன் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

தாம் சட்டக் குறைந்தபட்சத்துக்கு மேலேயே கொடுப்பதாகப் பல முதலாளிமார் கூறுவர். கூறட்டும். பொன் விலை எட்டு மடங்கான காலத்தில் தம் ஊழியரின் சம்பளம் எத்தனை மடங்காயிற்று என்பதற்கு அது விடையாகாது. விலையேற்றத்தால் விற்பனை படுத்துவிட்டதென்ற முறைப்பாட்டிலும் உண்மையுண்டு; கல்யாணத்துக்குப் பத்துப் பவுண் எடுத்த குடும்பம் இன்று நான்கோடு திரும்புகிறது. ஆயினும் 2022இல் ரூபா சரிந்து, அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது நடந்ததென்ன? இரும்புப் பெட்டியிலிருந்த கையிருப்பு யாரும் தொடாமலே விலையேறிற்று. அதைக் காத்துநின்றவரின் சம்பளம் அதே வேகத்தில் தேய்ந்தது. நட்டத்தைக் குடும்பமாகப் பகிர்ந்துகொள்ள அழைப்பவர்கள் அந்தக் கையிருப்பின் ஏற்றத்தைக் குடும்பமாகப் பகிர்ந்ததாகச் செய்தியில்லை.

சட்டம் இல்லாமையால் இந்நிலை நிலவவில்லை என்பதே வேதனைக்குரியது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் எழுபது ஆண்டு கடந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, ஆண்டுக்கு 14 நாள் விடுமுறையோடு 7 நாள் சமயோசித லீவு என அது வகுத்துரைக்கிறது. வேலையின் நிபந்தனைகளை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் ஊழியருக்குக் கொடுக்கவேண்டுமென்றும் அதே சட்டம் பணிக்கிறது. ‘கடிதமும் கையெழுத்தும் என்னத்துக்கு’ என்று கேட்பவருக்கு 1954லேயே விடை சொல்லப்பட்டாயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்தல் வேண்டும். 1980இல் வந்த மற்றொரு நிதிக்கு முதலாளி தம் பங்காக 3 சதவீதம் கட்டவேண்டும். அந்நிதியின் பெயரே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்பது. நம்பிக்கை என்ற சொல்லுக்குச் சதவீதம் வைத்து அளந்த ஒரே இடம் அதுவாகலாம்.

ஆனாற் சட்டங்களிலும் ஓட்டைகள் உள. 1971ஆம் ஆண்டின் வேலை நீக்கச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 15 ஊழியரை எல்லையாகக் கொண்டவை. சிறு நகைக்கடைகளிற் பல அவ்வெல்லைக்குக் கீழேயே நிற்கின்றன. மேலும், ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நீக்குவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதில்லை. களவுச் சந்தேகம் ஏன் இத்துணை எளிதாக எழுப்பப்படுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது. பணிநீக்கத்துக்கு அதைவிட மலிவான வழி வேறில்லை. நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இல்லாதவர் தாம் அங்கு வேலை செய்ததை எதைக்கொண்டு முதலில் நிறுவுவார்?

இவ்விடத்தில் இன்னொரு குரல் எழும். அது முதலாளியின் குரலைவிட மென்மையானது, ஆகவே ஆபத்தானது. ‘தமிழரின் கையிலே மிஞ்சியிருக்கும் தொழில்களுள் இதுவுமொன்று. 1983 யூலையிற் கொழும்பில் எரிந்தவற்றுள் நகைக்கடைகளும் இருந்தன. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தவர்கள்மீது கல்லெறியலாமா?’ எரிந்தது உண்மை. எரிந்த கடையில் முதலாளியின் முதல் போயிற்று. அதே கடையில் வேலை செய்தவரின் வேலையும், அவர் தங்கியிருந்த அறையும், அவர் அனுப்பும் காசை நம்பியிருந்த வீட்டின் அடுப்பும் போயின. இழப்பிற் சமமாகப் பங்குகொண்டவரை மீட்சியில் மட்டும் நன்றிக்கடன்காரராக்குவது எந்த இன உணர்வு? இன ஒடுக்குமுறையை எதிர்த்துப் பேசும்போது சமத்துவம் என்பதும், கடைக்குள்ளே நுழைந்ததும் குடும்பம் என்பதும் ஒரே நாவிற் பொருந்துவனவல்ல. ஒடுக்கப்பட்ட இனத்தின் முதலாளியும் முதலாளியே என்று கூறுவது இனத்துரோகமாகாது. அதனை மறைப்பதே பெரும்பான்மையான தமிழருக்கு இழைக்கும் தீங்கு. ஏனெனிற் பெரும்பான்மையான தமிழர் கடை வைத்திருப்பவரல்லர், கடையில் நிற்பவர்.

வேறு சிலர், பெரும்பாலும் முகாமைத்துவம் கற்றோர், குறையை ஒப்புக்கொண்டு மருந்தொன்றைக் கூறுவர். இவையெல்லாம் பழைய பாணிக் குடும்பக் கடைகளின் நோய். பெரிய கம்பனிகள், மனிதவளப் பிரிவு, முறைப்பாட்டு ஏற்பாடு ஆகியன வந்தால் தாமாகத் தீருமென்பது அவர்தம் எண்ணம். இதற்கு விடை ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் மிகப் பெரிய நகை விற்பனை நிறுவனங்களுள் ஒன்றான ஸ்ரேர்லிங் ஜுவலர்ஸ் மீது, ஆண்களைவிடத் தமக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்டதாகவும் பதவி உயர்வில் தாம் ஒதுக்கப்பட்டதாகவும் கூறிப் பெண் ஊழியர் சிலர் 2008இல் வழக்குத் தொடுத்தனர். அந்நிறுவனத்தில் முறைப்பாட்டு ஏற்பாட்டுக்குக் குறைவிருக்கவில்லை. வேலைக்குச் சேரும்போதே, பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லாது தனிப்பட்ட நடுத்தீர்ப்புக்கு விடுவதாக ஊழியரிடம் ஒப்பம் பெறப்பட்டிருந்தது. அதன் விளைவாக விவகாரம் பல ஆண்டுகள் மூடிய கதவுக்குள்ளேயே நடந்தது. 2017இல் ஏறத்தாழ 250 ஊழியரின் சத்தியக் கூற்றுகள் வெளிவந்தபோதுதான் பாலியற் தொல்லை பற்றிய குற்றச்சாட்டுகளும் உலகறிய வந்தன. நிறுவனம் அவற்றை மறுத்தது. ஈற்றில் 2022இல், சுமார் 68,000 பெண்களுக்காக 175 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. பதினான்கு ஆண்டுகள், வழக்குச் செலவு கழியுமுன்னரே தலைக்கு ஏறத்தாழ 2,570 டொலர்.

இதில் ஒரு சிறு விபரம் கவனிக்கத்தக்கது. கடன் விற்பனையின் நிலையையும் மேற்கூறிய குற்றச்சாட்டுகளையும் பற்றித் தம்மைத் தவறாக வழிநடத்தியதாகக் கூறி, அந்நிறுவனத்தின் தாய்க் கம்பனிமீது அதன் பங்குதாரரும் வழக்குத் தொடுத்திருந்தனர். அவ்வழக்கு 2020இலேயே 240 மில்லியன் டொலருக்குத் தீர்ந்தது. பங்கு வைத்திருந்தவருக்கு முந்தியும் கூடவும் கிடைத்தது; உழைத்தவருக்குப் பிந்தியும் குறையவும் கிடைத்தது. செட்டியார் தெருவின் ‘வீட்டுப் பிள்ளை’க்கும் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் மனிதவளப் படிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடையுடையைச் சார்ந்ததே. இரண்டிலும் முறைப்பாட்டைக் கேட்பவர், முறைப்பாட்டுக்கு உள்ளானவரின் சம்பளத்தைப் பெறுபவரே.

அப்படியாயின் வழியென்ன என்று கேட்போர், கடற்பரப்புக்கு அப்பால் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கேரளத்திலே கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினர். மலசலகூட வசதியும் உட்காருவதற்கு ஓர் இருக்கையும் அவர்களின் கோரிக்கை. படித்தோர் பலருக்கு அது அற்பமாகத் தோன்றியிருக்கும். 2018இல் கேரள அரசு தன் கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கிற்று; 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றிற்று. உட்காரும் உரிமையை எந்த முதலாளியின் தாராளமும் பெற்றுத்தரவில்லை. நின்று களைத்தவர்கள் கூடிப் பேசியதே பெற்றுத்தந்தது.

இலங்கையிலும் வணிகத்துறை ஊழியரின் தொழிற்சங்க மரபு இளையதன்று. 1928இல் தோன்றிய வணிக ஊழியர் சங்கத்தை 1948 முதல் 2014இல் தாம் இறக்கும்வரை பாலா தம்பு பொதுச் செயலாளராக நின்று நடத்தினார். கொழும்புக் கோட்டையின் பெருங்கம்பனிகளில் எழுதுவினைஞர் வென்றெடுத்த ஒப்பந்தங்கள் அம்மரபின் பேறுகள். கோட்டையிலிருந்து செட்டியார் தெரு நடந்து செல்லும் தூரம். அந்தத் தூரத்தைத் தொழிற்சங்கம் ஏன் கடக்கவில்லை என்பதற்குத் தொழிற்சங்கங்களும் விடை கூறவேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தைத் தேடிச் செல்லும் அமைப்பாளருக்கு, எட்டுப் பேர் வேலை செய்யும் கடை சந்தாக் கணக்கிற் சிறிதாகவே தெரியும். ஆனால் எட்டுப் பேர் வீதம் ஒரே தெருவில் எத்தனை கடைகள்? சங்கமொன்றைப் பதிவு செய்வதற்கு ஏழு பேர் போதுமென்பது 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. அவ்வேழு பேரும் ஒரே கடையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டியதில்லை. வெவ்வேறு கடையினராக இருந்தால் ஒரு கடையில் விலக்கப்பட்டவரின் பெயர் அடுத்த கடைக்குச் செல்லும்போது அவரைப் பற்றிய உண்மையும் கூடவே செல்லும்.

இறுதியாகப் பல்கலைக்கழகத்தாருக்கும் இதிற் பங்குண்டு. வர்க்கம், உழைப்பு, உபரி என்ற சொற்கள் கலைப்பீட விரிவுரை மண்டபங்களில் தாராளமாகப் புழங்குகின்றன. நாவல்களில் வரும் தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் மீனவனைப் பற்றியும் ஆய்வுகள் எழுதப்பட்டுள்ளன, எழுதப்படவேண்டியவையே. நகைக்கடை ஊழியரைப் பற்றி எழுதுவோர் அரியர். காரணம் தேடி வெகுதூரம் அலையவேண்டியதில்லை. தமிழ்ச் சங்க மலர்களையும் கலைவிழா நிகழ்ச்சி நிரல்களையும் பின்பக்கமிருந்து புரட்டிப் பார்த்தாற் போதும். அச்சுக்கூலியிற் கணிசமான பங்கு யாருடைய விளம்பரத்தால் வருகிறதென்பது தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மலர்க்குழு மாணவர் இருவர் மூவராகச் செட்டியார் தெருவுக்குச் செல்கின்றனர். உள்ளே நுழைந்ததும் அவர்களை வரவேற்று, முதலாளி வரும்வரை அமரச் சொல்லி, வாடிக்கையாளருக்கென்று போட்டிருக்கும் கதிரைகளைக் காட்டுபவர் பேழைக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெண்ணே. மாணவர் அமர்கின்றனர், அரைப் பக்கத்துக்கும் முழுப் பக்கத்துக்குமான கட்டணத்தைத் தம்முட் பேசிக்கொள்கின்றனர். அவள் நின்றுகொண்டேயிருக்கிறாள்.